காரில் கூடுதல் விளக்கு: எதைப் பொருத்தலாம், எப்படிப் பொருத்துவது, எப்போது போடுவது

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி இரவு வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் பக்கம் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு ஜீப். அதன் கூரை விளிம்பு முழுக்க நீளமான எல்.இ.டி. பார் எரிந்தது. இரண்டு முறை டிம் அடித்துக் காட்டினேன், அவர் இறக்கவில்லை. கண்ணுக்குள் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜீப் கடந்து போனதும் எல்லாம் கறுப்பு. அந்த நேரத்தில் கால் பிரேக்கில் இருந்ததால் தப்பித்தோம். பத்தடி முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளின் பின்னால் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். என் ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் அந்த வெளிச்சத்துக்குள்தான் இருந்தார். என் கண்ணுக்குத்தான் அவர் தெரியவில்லை.

80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கூசிப்போன கண் பழைய நிலைக்குத் திரும்ப மூன்று விநாடி ஆனால்கூட 66 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதுபோல. வயதானவர்களுக்கு இன்னும் நேரம் ஆகும்.

கூடுதல் விளக்கே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பெருமாள்மலைக்கு மேலே பனி இறங்கிவிட்டால் நல்ல ஃபாக் லைட் எவ்வளவு துணை என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் ரோட்டில் விழ வேண்டும், எதிரே வருபவர் கண்ணில் விழக் கூடாது. சட்டம் கேட்பதும் அதைத்தான். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று முதலிலிருந்து பார்ப்போம்.

முதல் வேலை: இருக்கிற ஹெட்லைட்டைச் சரிசெய்யுங்கள்

"வெளிச்சம் பத்தவில்லை" என்று விளக்கு வாங்கப் போகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை ஹெட்லைட்டிலேயே இருக்கிறது. பழைய காரில் ஹெட்லைட்டின் முன் கண்ணாடி மஞ்சளடித்துப் போயிருக்கும். அதைப் பாலிஷ் போட்டாலே பாதி வெளிச்சம் திரும்பும். விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தையும் ஒரு நல்ல துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மெல்லிய புகைப்படலம்தான் எதிர்வெளிச்சத்தை வட்டம் வட்டமாகச் சிதறடிக்கிறது.

அடுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். அது ஹெட்லைட்டை ஏற்றி இறக்குவது. ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான் என்றால் காரின் மூக்கு மேலே தூக்கும், டிம் லைட்டே பிரைட் போல எதிராளி முகத்தில் அடிக்கும். அப்போது 2 அல்லது 3. பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகிற எத்தனை கார்கள் 0-விலேயே ஓடுகின்றன!

பல்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். உங்கள் காரில் எச் 4 ஹாலஜன் பல்பு இருந்தால் பழையது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் கம்பிகள் தெரியும். ஒன்றின் அடியில் மட்டும் சின்னக் கரண்டிபோல ஒரு தகடு இருக்கும். டிம் போடும்போது எரிவது அந்தச் சுருள். அதன் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாதபடி தகடு மறைத்துக்கொள்கிறது. மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழுகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவே கோடு போட்டதுபோலத் தெரிவது இந்தக் கரண்டி செய்யும் வேலை.

இந்த இடத்தில் கடையில் கிடைக்கும் எல்.இ.டி. பல்பை மாட்டினால், சுருள் இருந்த அதே புள்ளியில் அதே அளவில் வெளிச்சம் பிறப்பதில்லை. ரிஃப்ளெக்டருக்கோ அந்தப் புள்ளிதான் கணக்கு. கோடு கலைந்து வெளிச்சம் நாலா பக்கமும் தெறிக்கும். காருக்குப் பக்கத்தில் தரை பளீரென்று இருப்பதால் ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரிவதுபோலத் தோன்றும், ஆனால் தூரம் குறைந்திருக்கும். 100/90 வாட் பல்பு வேறு வகைக் கேடு. எச் 4-க்கு முறையான அளவு 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. அதற்கு மேல் போனால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரியும். நல்ல கம்பெனியின் 60/55 பல்பைப் புதிதாகப் போட்டு, கீழே சொல்லப்போகும் முறையில் சுவரில் அடித்துச் சரிசெய்யுங்கள். அதன்பிறகும் போதவில்லை என்றால் கூடுதல் விளக்கை யோசிக்கலாம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி, ஹெட்லைட் 155 மீட்டர் முன்னால் இருக்கும் ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. அதாவது ரோடு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதில் சட்டத்துக்கு உங்களோடு எந்தச் சண்டையும் இல்லை.

106-ஆவது விதி கூச்சத்தைப் பற்றியது. இதைக் காரோட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். முன்பக்கம் வெளிச்சம் தரும் எந்த விளக்கும் நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் வைத்திருக்கும் ஒருவருக்கு அது கூசக் கூடாது. எதிரே பைக்கில் வருகிறவரின் முகம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கும்.

108-ஆவது விதி நிறம் பற்றியது: முன்னால் சிவப்பு காட்டக் கூடாது, ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், இண்டிகேட்டர் மாதிரியானவை தவிரப் பின்னால் சிவப்பைத் தவிர வேறு காட்டக் கூடாது. 111-ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ வைக்கக் கூடாது என்கிறது. கூரையில் எல்.இ.டி. பார் வைத்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இவற்றோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எதைத்தான் பொருத்துவது?

எதை வாங்குவது, எதை விடுவது

ஃபாக் லைட்டை வாங்கலாம், அதிலும் உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அதே ஃபாக் லைட்டை. பம்பரில் அதற்கென்று இடம் ஏற்கெனவே இருக்கும், பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் போதும். ஸ்விட்சும் கம்பெனியுடையதாகவே கிடைக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாலும் கவலைப்பட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதும்.

தூரத்துக்கு அடிக்கும் டிரைவிங் லேம்ப் அடுத்த வகை. இது பிரைட்டுக்குத் துணை விளக்கு. பிரைட்டோடு எரிந்து, டிம் போட்டதும் தானாக அணைய வேண்டும். தனி ஸ்விட்ச் போட்டு டிம்மோடும் எரியவிட்டால் அது ரோட்டுக்கான விளக்கே இல்லை. வெளிக்கடையில் வாங்கிப் பொருத்துவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பொருத்துங்கள். காட்டுப்பாதையில் ஓட்டுபவர்கள் எல்.இ.டி. பாரும் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பொது ரோட்டுக்கு வருமுன் கழற்றிவிடுங்கள்.

மினுக்கும் பிரேக் லைட், நீல நிறப் பார்க்கிங் பல்பு, கிரில்லுக்குள் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிக்கும் விளக்கு எதுவும் வேண்டாம். சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த சுழல் விளக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர வண்டிகளுக்கானது. 2017 மே 1 முதல் அமைச்சர்களின் காரிலேயே சிவப்பு விளக்கு எடுக்கப்பட்டுவிட்டது.

சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஆக்சஸரீஸ் கடையிலோ விளக்கை எடுத்ததும் கண்ணாடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் அது சர்வதேச ஒப்புதல் முத்திரை. 'பி' அல்லது 'எஃப் 3' இருந்தால் முன்பக்க ஃபாக் லைட். 'எச்.ஆர்.' என்றால் ஹாலஜன் பிரைட், 'எச்.சி.' என்றால் ஹாலஜன் டிம். இறக்குமதி ஹெட்லைட் வாங்குகிறவர்கள் ஒரு அம்புக்குறியையும் தேட வேண்டும். விளக்கை நேராகப் பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் அது நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டினால் டிம் வெளிச்சத்தின் மேலேறும் பகுதி எதிர்வண்டிப் பக்கம் போய்விடும். எந்த எழுத்தும் இல்லாமல், பெட்டியில் மட்டும் வாட் கணக்கு பெரிதாகப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பொருத்தும் இடமும் ஒயரிங்கும்

ஃபாக் லைட் தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 80 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், டிம் விளக்கைவிட உயரமாக இல்லாமலும் இருக்க வேண்டும். காரின் வெளி விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைக்க வேண்டும். தாழ்வாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளி. கண் உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல. தாழ்வாகவும் அகலமாகவும் விழும் வெளிச்சம் அதற்கு அடியில் புகுந்து ரோட்டின் ஓரக் கோட்டைக் காட்டும். வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் அனுமதிதான். மஞ்சள் சிலருக்குக் கண்ணுக்கு இதமாக இருக்கும். பனியைத் துளைக்கும் தனிச் சக்தி அதற்கு இல்லை.

ஒயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். அதை நேராக ஸ்விட்ச் வழியாக விட்டால் ஸ்விட்ச் சூடாகி உருகும். அதனால் ரிலே கட்டாயம். சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச் அது. ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரியிலிருந்து வரும் ஒயர், 87-லிருந்து விளக்குக்கு, 86-க்கு ஸ்விட்ச் ஒயர், 85 எர்த். பேட்டரிக்கும் 30-க்கும் நடுவே 15 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸைத் தள்ளி வைத்தால் நடுவில் எங்காவது ஒயர் உரசி பாடியில் பட்டுத் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது. கனமான ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் ஒயருக்கு எங்கிருந்து கரண்ட் எடுப்பது என்பதில்தான் எலக்ட்ரீஷியனின் தரம் தெரியும். ஃபாக் லைட் என்றால் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து, அப்போது கார் விளக்கு எதுவும் எரியாமல் ஃபாக் மட்டும் எரியாது. டிரைவிங் லேம்ப் என்றால் பிரைட் ஒயரிலிருந்து மட்டும். டிம் போட்ட நொடியில் ரிலே இணைப்பைத் துண்டித்து விளக்கு அணையும். இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

புதிய கார்களில் விளக்குகளைக் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறது. ஒயரின் தோலைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றும் வேலையை அந்தக் கார்களில் விடாதீர்கள். வாரன்ட்டியும் போகும், டேஷ்போர்டில் தேவையில்லாத எச்சரிக்கைகளும் வரும். பிளக்கோடு வரும் கம்பெனிக் கிட்டை வாங்கி சர்வீஸ் சென்டரில் மாட்டிக்கொள்வது நல்லது. விலை கூடுதல்தான். கொடுக்கலாம்.

சுவரில் அடித்துச் சரிபார்ப்பது

இதைப் பெரும்பாலான கடைகளில் செய்வதில்லை. இருட்டியபிறகு வீட்டிலேயே அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். லெவல் சக்கரம் 0-வில். சமதரையில் சுவருக்கு நேராக, விளக்கிலிருந்து சுவர் 5 மீட்டர் இருக்கும்படி காரை நிறுத்துங்கள்.

ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இந்த இரண்டாவது கோட்டில் உட்கார வேண்டும். இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறிப் போகும், அது ஓரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக, சரியானதுதான். ஃபாக் லைட்டுக்குத் தனியாக அளந்து, அதன் நடுப்புள்ளிக்கு 10 சென்டிமீட்டர் கீழே கோடு போட்டு, மேல்விளிம்பு மட்டமாக அதில் விழும்படி திருகைத் திருப்புங்கள்.

பிறகு 106-ஆவது விதிச் சோதனை. காரிலிருந்து 8 மீட்டர் நடந்து போய், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, கண் 1.5 மீட்டர் உயரத்தில் வரும்படி முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு காரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரை டிம் போடச் சொல்லுங்கள், அப்புறம் ஃபாக் லைட்டையும் சேர்த்து. முகத்தைத் திருப்பத் தோன்றினால் இன்னும் இறக்க வேண்டும். நான் முதல் தடவை இப்படி நின்றபோது, என் காரின் டிம்மே எனக்குக் கூசியது. வலது ஹெட்லைட் எப்போதோ ஒரு பம்பர் வேலையில் மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை மாதம் அப்படி ஓட்டினேனோ, நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

ரோட்டில்

தெருவிளக்கு இருக்கும் ஊருக்குள் டிம் மட்டும். ஃபாக் லைட்டை அழகுக்காக எரியவிடாதீர்கள். எதிர்வண்டியின் விளக்கு தெரிந்ததும் முதலில் நீங்கள் டிம்முக்கு வாருங்கள், அவர் இறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வளைவுகளில் வண்டி தெரியுமுன்பே மரங்களில் வெளிச்சம் அசையும், அப்போதே இறக்கிவிடலாம். முன்னால் போகும் வண்டிக்குப் பின்னாலும் டிம்தான், இல்லையென்றால் அவருடைய மூன்று கண்ணாடிகளிலும் உங்கள் பிரைட் எரியும்.

நாலு வழிச்சாலையில் நடுவே அரளிச் செடி வைத்திருப்பதே எதிர்வெளிச்சத்தை மறைக்கத்தான். செடி அடர்த்தியாக இருக்கும்வரை பிரைட் போடலாம். அது பட்டுப்போன இடைவெளிகளில் எதிர்ப்பக்கத்து லாரி டிரைவரின் கண்ணுக்கு நேரே போகும், அங்கே இறக்குங்கள்.

மலையில் பனி இறங்கினால் டிம்மும் முன்பக்க ஃபாக் லைட்டும் போடுங்கள். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வேகத்தைக் குறைத்து இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். முன்னால் போகிறவரின் டெயில் லைட்டை ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், அவர் ரோட்டை விட்டு விலகினால் நீங்களும் விலகுவீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை பிரைட் அடித்துக் காட்டுவது ஹாரனைவிட நல்லது. குறுகிய மலை ரோட்டில் ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி.

பின்பக்க ஃபாக் லைட்டைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. அது டெயில் லைட்டைவிடப் பல மடங்கு பிரகாசமான சிவப்பு. ஒன்றுதான் இருக்கிறதென்றால் நம் ஊர்க் கார்களில் வலப்பக்கம் இருக்கும். பனியில் பின்னால் வருகிறவர் உங்களைக் கண்டுபிடிக்க உதவும். அவர் வந்து ஒட்டிக்கொண்டபின் அணைத்துவிடலாம். மழையிலோ தெளிந்த இரவிலோ எரியவிட்டால் பின்னால் வருகிறவருக்குத் தொடர்ந்த கூச்சம், நீங்கள் பிரேக் பிடித்ததும் அவருக்குச் சரியாகத் தெரியாது. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் ஃபாக் லைட் குறி எரிந்தால் பின்பக்க ஃபாக் லைட் எரிகிறது என்று பொருள். போகி அன்று அதிகாலை சென்னையில் புகையும் பனியும் சேரும்போது இரண்டு ஃபாக் லைட்டுக்கும் வேலை உண்டு.

மழைக்கு முன்பக்க ஃபாக் லைட்டும் பெரும்பாலும் வேண்டாம். நனைந்த ரோடு கண்ணாடிபோல அந்த வெளிச்சத்தை எதிராளி கண்ணுக்கு அனுப்பும். மழையில் ஹசார்டு போட்டுக்கொண்டு ஓட்டுவதும் தவறு. நான்கு இண்டிகேட்டரும் மினுக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. வண்டி பழுதாகி ஓரத்தில் நிற்கும்போது அதைப் போடுங்கள்.

காட்டுச்சாலை தனி. முதுமலை–பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொது வண்டிகளை விடுவதில்லை. வால்பாறை போன்ற இடங்களில் மாலையில் மாட்டிக்கொண்டால் யானையோ மானோ தெரிந்ததும் டிம்முக்கு வந்து, தள்ளி நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். பிரைட்டில் மான் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும், நகரத் தெரியாது.

இன்னொன்று. எதிரே பைக் வந்தால் கையை விரித்து மூடி "லைட் எரியுது" என்று காட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு, அன்பான பழக்கம். ஆனால் 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புது பைக்குகளில் விளக்கு எப்போதும் எரியும்படியே செய்திருக்கிறார்கள், அணைக்க முடியாது.

எதிராளி இறக்கவே இல்லை என்றால் பதிலுக்குப் பிரைட் போடாதீர்கள். இரண்டு பேருக்கும் கண் போகும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து, பார்வையை இடது ஓரக்கோட்டுக்குக் கொண்டுபோய், அவர் கடந்தபிறகும் மூன்று விநாடி வேகம் கூட்டாமல் இருங்கள். அந்தப் பெரியவரைப் போல யாராவது அங்கே போய்க்கொண்டிருக்கலாம்.

நீண்ட பயணத்தில் டீக்கு நிறுத்தும்போது ஈரத்துணியால் எல்லா விளக்குக் கண்ணாடியையும் ஒருமுறை துடையுங்கள். பூச்சியும் சேறும் வெளிச்சத்தை மங்கவைப்பது மட்டுமல்ல, மேல்நோக்கியும் சிதறடிக்கும். பெட்ரோல் பங்க் சுவருக்கு நேராக நிறுத்த நேர்ந்தால் டிம் போட்டு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒன்று தூக்கியிருந்தால் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் சாக்பீஸை எடுங்கள்.